நாற்பது பைகளும் ஒரு வேனும்

"கல்யாண வீட்டுல அந்தப் பைய எங்க கொண்டு மாட்டுவா? வந்திருக்கவங்க பாத்தா என்ன நினைப்பாங்க? அவ அங்கயே கிடக்கட்டும், நீ மட்டும் வா."

தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்க, வள்ளியூரிலிருந்து முத்தாரம்மாள் தன் தம்பி வன்னியராஜிடம் போனில் இப்படிச் சொன்னார். வன்னியராஜ் வேனுக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய் என்பதால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி வடிவம்மாள் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது.

வன்னியராஜ், "சரிக்கா" என்றார்.

அந்த "சரிக்கா"தான் வடிவம்மாளைச் சுட்டது. நாத்தனார் பேசியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

வடிவம்மாளுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய சந்தில் வாடகை வீடு. கழக்கூட்டத்தில் ஐடி பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் பத்தொன்பது வருஷம் சமையல் செய்தவர். விடியுமுன் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போய், நூற்றிருபது பேருக்கு இட்லி ஊற்றுவார். ஞாயிற்றுக்கிழமையும் பெண்கள் சாப்பிட வேண்டுமே, ஆகவே ஞாயிறும் உண்டு. ஓணத்துக்கு ஹாஸ்டல் காலியாகும் மூன்று நாள்தான் அவருக்கு விடுமுறை. வன்னியராஜுக்கோ ஓணம்தான் ஓட்டம் அதிகமான நேரம். பன்னிரண்டு சீட் வேன் வைத்து, கோவளத்துக்கு வரும் சுற்றுலாக்காரர்களைக் கன்னியாகுமரி, திருநெல்வேலி, குற்றாலம், தென்மலை என்று சுற்றிக் காட்டுவது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். வடிவம்மாள் அந்த ஊர்களில் ஒன்றைக்கூடச் சுற்றிப் பார்த்ததில்லை. வள்ளியூருக்குப் போனாலும் கல்யாணம், சாவு, உடனே திரும்பு.

"பிரவின் வேலைக்குப் போகட்டும். நம்ம வேன்லயே ஒரு வாரம் போவோம்" என்று வன்னியராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் பிரவின்ராஜ் கழக்கூட்டத்து ஐடி பார்க்கில் வேலைக்குச் சேர்ந்தான். அதே வருஷம் வடிவம்மாளுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம், அல்லது வயிற்றில் ஒரு குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்றார்கள். வடிவம்மாள் யோசிக்கவே இல்லை. "மெஷினுக்குப் பக்கத்துல கிடக்க என்னால ஆவாது. குழாயே வைங்க." அன்று முதல் தினம் நாலு தடவை: காலை ஆறு, பதினொன்று, மாலை நாலு, இரவு ஒன்பது. வயிற்றில் கிடக்கும் பழைய நீரை முதலில் ஒரு காலிப் பையில் இறக்கிவிட்டு, கொக்கியில் மாட்டிய இரண்டு லிட்டர் பையிலிருந்து புது மருந்து நீரை உள்ளே விட வேண்டும். அரை மணி நேர வேலை. ஆனால் அந்த அரை மணி நேரமும் கதவு ஜன்னல் சாத்தி, ஃபேனை அணைத்து, முகக்கவசம் கட்டி, கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். கிருமி உள்ளே போனால் வயிறு முழுக்கப் புண்ணாகிவிடும்.

இரண்டு வருஷமாக அதைத் தவறாமல் செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பிடிக்காதது நோயைக்கூட அல்ல. பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளை மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் எதிரில் இருக்கும்போதே வன்னியராஜிடம் திரும்பி, "பாவம், இப்ப எப்பிடி இருக்கா?" என்று கேட்பதுதான்.

அன்று வன்னியராஜ் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது, வடிவம்மாள் வேனின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"கல்யாணத்துக்கு நீங்க போயிட்டு வாங்க. நான் வரல" என்றார். "ஆனா திரும்பி வந்ததும் இந்த சீட்டையெல்லாம் கழத்தணும்."

"எதுக்கு?"

"எனக்குக் கட்டில் போட. நாம ஊர் சுத்தப் போறோம்."

வன்னியராஜ் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"வடிவு, லாட்ஜ்ல எல்லாம் உனக்கு ஒத்து வருமா? தலையணை உறை எப்ப தோய்ச்சதுன்னு யாருக்குத் தெரியும்."

"அதான் லாட்ஜ் வேண்டாம்ங்கேன். என் ரூம நானே கூட்டிட்டுப் போறேன். நான் துடைச்ச ரூம்ல நான் பை மாட்டிக்கிடுதேன். யார் வீட்டு ஆணியும் எனக்கு வேண்டாம்."

அப்போதுதான் மனைவி போன் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று வன்னியராஜுக்குப் புரிந்தது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

பிரவின்ராஜ் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது விஷயம் தெரிந்து கொதித்தான்.

"அம்மா, இது ஷெரியாகாது. இன்ஃபெக்ஷன் வந்தா? வழியில ஏதாவது ஆனா? கேம்பர்வேன்லாம் வெளிநாட்டுக்காரங்க பண்ற பரிபாடி, நம்ம வேலையில்ல."

"வெளிநாட்டுக்காரனைத்தான் உங்க அப்பா இத்தனை வருஷம் ஏத்திட்டுப் போனாரு. அவனுக்கு ஆகும், எனக்கு ஆகாதா?"

"அவங்களுக்கு டயாலிசிஸ் இல்லல்லா!"

"அப்ப டயாலிசிஸ் உள்ளவங்க எப்படிப் போறதுன்னு பாத்துச் சொல்லு. போவக் கூடாதுன்னு சொல்லவா உன்னைப் படிக்க வெச்சேன்?"

மறுவாரம் பரிசோதனைக்குப் போனபோது, ஆஸ்பத்திரியில் வயிற்று டயாலிசிஸ் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் சபீனாவிடம் வடிவம்மாள் நேராகக் கேட்டார். மறுப்பு வரும் என்று சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தார். சபீனா பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார்.

"பேடிக்க வேண்டாம் சேச்சி, பயமில்லாம போகலாம். பக்ஷே நான் சொல்றதெல்லாம் வேணும். துடைக்கிற மாதிரி சுவர். ஓடுற தண்ணி. பை வெயில்ல சூடாகக் கூடாது. எட்டு நாளைக்கு முப்பத்திரண்டு பை, கூட எட்டு எக்ஸ்ட்ரா. டாக்டர்கிட்ட நான் பேசுறேன்."

வடிவம்மாள் அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். வன்னியராஜ் பயணம் போடும்போது முதலில் ஊர்களை எழுதி, பிறகு நேரத்தைக் குறிப்பார். வடிவம்மாள் தாளுக்கு நாலு நேரத்தை முதலில் எழுதினார். பிறகு அவற்றின் நடுவே ஊர்களை நுழைத்தார். ஆறு மணிப் பை முடித்துக் கிளம்பினால் பதினொரு மணிக்கு எங்கே நிழலில் வண்டியை நிறுத்தலாம்? முட்டத்தில், கடலைப் பார்த்து. நாலு மணிக்குக் கன்னியாகுமரி. மூன்றாம் நாள் உள்நாட்டுப் பக்கம் திரும்பித் திருநெல்வேலி, பாபநாசம், குற்றாலம், செங்கோட்டை. மலை ஏறி ஆரியங்காவு வழியாக வீடு.

"ஜூன்ல போவோம். சாரல் நேரம். வெயில் இருக்காது, பையும் சூடாகாது" என்றார்.

"சாரல்னு சொல்லுத. உனக்குத்தான் அருவியில குளிக்கக் கூடாதே?"

"குளிக்க மாட்டேன். நனைவேன்."

வன்னியராஜுக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் அந்தத் தாள்களைப் பார்த்தபோது அவருடைய தொழில் கண் சும்மா இருக்கவில்லை. "இந்த இடத்துல நிறுத்த முடியாது, பஸ் திரும்புற இடம். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு, கக்கூஸ் கழுவிப் போட்டிருப்பான்" என்று ஒரு வரியைத் திருத்தினார். இறக்கிய பையின் நீரைக் கேனில் சேர்த்துக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். எந்த ஊரில் எந்தக் கழிப்பறை சுத்தம், எங்கே வேப்பமரம், எங்கே புளியமரம் என்று இருபத்திரண்டு வருஷத்து அறிவு அவரிடம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் பேனா அவர் கைக்குப் போய்விட்டது. ஆனால் வள்ளியூரை மட்டும் அவர் எழுதவில்லை. நான்குவழிச் சாலையில் நேராகத் திருநெல்வேலி போவதாகக் கோடு போட்டிருந்தார். வடிவம்மாள் பேனாவைத் திரும்ப வாங்கி, மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு எதிரே "வள்ளியூர், மதினி வீட்டு வாசல்" என்று எழுதினார்.

"அக்கா வீட்டுக்கு எதுக்குட்டி?"

"வீட்டுக்குள்ள போவல. வாசல்ல நிழல் இருக்கு."

சீட்டைக் கழற்றிக் கட்டில் போட அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தைப் பார்த்த குமாஸ்தா, "ஆம்புலன்ஸாணோ?" என்று கேட்டார். வன்னியராஜ் தலையாட்டப் போனார். வடிவம்மாள் முந்திக்கொண்டு, "ஆம்புலன்ஸ் அல்லா சாரே. டூர் போகான்" என்றார். குமாஸ்தா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

ஒர்க்ஷாப் அனூப் வேலையை எடுத்துக்கொண்டான். முதல் நாளே வடிவம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அங்கே உட்கார்ந்துவிட்டார். வேனில் இருந்த சிவப்பு வெல்வெட் சீட், குஞ்சம் தொங்கும் திரை, தரைவிரிப்பு எல்லாம் வெளியே வந்தன. குஞ்சத்தை மட்டும் விட்டுவைக்கலாமா என்று வன்னியராஜ் கேட்டார். "தூசி" என்ற ஒரே சொல்லில் அதுவும் போனது. சுவருக்கு வழவழப்பான வெள்ளை ஷீட். கண்ணாடிக்குத் துணிக்குப் பதில், பார்வையை மறைக்காத மெல்லிய ஸ்டிக்கர். காலால் மிதித்தால் தண்ணீர் வரும் குழாய், கை படவே வேண்டாம். பையை இளஞ்சூடாக்கும் உறைக்கு இன்வெர்ட்டர். கட்டிலுக்கு அடியில் பைப் பெட்டிகள்.

"கொக்கி எவிடே வைக்கணும் சேச்சி?" என்று அனூப் கேட்டான். வடிவம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, தலைக்கு மேலே கையை நீட்டி, கூரையில் ஒரு இடத்தைச் சாக்பீஸால் குறித்தார்.

வேலை முடிய நாலு நாள் இருந்தபோது அது நடந்தது. ஒரு காலை, வீட்டில், இறக்கிய பையைத் தூக்கிப் பார்த்தால் நீர் கலங்கலாக இருந்தது. தெளிந்த வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது, அரிசி கழுவிய தண்ணீர்போல. மத்தியானத்துக்குள் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்துவிட்டன. வடிவம்மாள் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். மருந்து மூன்று வாரம் தொடர்ந்தது.

முதல் இரண்டு நாள் அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வலியைவிட, எல்லாரும் சொன்னதுபோல் ஆகிவிட்டதே என்ற அவமானம் அவரைத் தின்றது. வன்னியராஜ் வெளியே வராந்தாவில் நின்று அனூப்புக்குப் போன் செய்து, வேலையை நிறுத்தச் சொன்னார்.

மூன்றாம் நாள் பிரவின்ராஜ் கட்டிலருகே உட்கார்ந்தான். குரலைத் தணித்துத்தான் பேசினான்.

"இப்பவாவது புரியுதாம்மா? அந்த வேனை விடு. நாம வீட்ல சேஃபா இருப்போம்."

வடிவம்மாள் திரும்பினார். மெல்ல எழுந்து தலையணையில் சாய்ந்தார்.

"பிரவின், இது எங்க வெச்சு வந்துச்சு?"

"என்னது?"

"இந்தக் கலங்கல். வேன்ல வெச்சா வந்துச்சு? வேன்ல நான் இன்னும் ஒரு பைகூட மாட்டல. வீட்டுல வந்துச்சு. நீ சேஃபுனு சொல்லுதியே, அந்த ரூம்ல வந்துச்சு. ராத்திரி பகலா துறைமுகத்து லாரி ஓடி, ஜன்னல் கம்பியில தூசி அப்பிக் கிடக்கு. நான் தினம் துடைக்கேன், தினம் அப்புது. என் கையிலயே எங்கயாவது தப்பு நடந்திருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா வீட்டுக்குள்ளயே கிடந்தா ஒண்ணும் வராதுன்னு எனக்கு யாரும் எழுதித் தரல."

பிரவின்ராஜ் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தான்.

"வர்றது எங்க இருந்தாலும் வரும். வந்தா மருந்து இருக்கு. நான் வீட்டுலயே கிடந்து அது வரட்டும்னு காத்திருக்கணுமா? பத்தொன்பது வருஷம் ஒரே அடுப்புக்கு முன்னால நின்னேன். இனிமே ஒரே ஜன்னலுக்கு முன்னால உக்காரச் சொல்லுதிய. முடியாது."

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சிரைத்தது. பிரவின்ராஜ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அளந்து குடிக்க வேண்டும் என்பதால் மூடியில் ஊற்றிக் கொடுத்தான். வராந்தாவில் நின்ற வன்னியராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை எடுத்தார். "அனூப், நிறுத்தச் சொன்னேன்லா... வேண்டாம், செய். அந்தக் கொக்கிய நல்லா பலமா போடு" என்றார்.

வேனின் போட்டோவை அனுப்பினால் போதாது, தான் நேரிலேயே பார்க்க வேண்டும் என்று சபீனா வந்தார். வேன் வீட்டு வாசலில் நின்றது. பாத்திரத்தில் விரிசல் தேடுகிறவர்போல ஒவ்வொரு மூலையாக விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வடிவம்மாள் உள்ளே உட்கார்ந்து ஒரு முழுப் பையையும் அவர் கண்முன் மாற்றிக் காட்டினார். கண்ணாடிக்கு வெளியே சந்துக்காரர்கள் கூடி நின்றார்கள்.

"வீட்டைக் காட்டிலும் இது கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார் சபீனா. பிரவின்ராஜ் அருகில் நின்றான். அவனைப் பார்த்து அதை இன்னொரு தடவை சொன்னார். "சத்யமா. இது கொள்ளாம்."

மருந்து முடிந்து, நினைத்த ஜூன் தவறி, ஜூலை கடைசியில், ஒரு புதன்கிழமை, ஆறு மணிப் பையை வேனுக்குள்ளேயே முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். பிரவின்ராஜ் நாற்பது பைகளையும் எண்ணி அடுக்கி, அம்மாவின் போனில் லொக்கேஷனைத் தனக்குத் தெரியும்படி வைத்துக் கொடுத்தான். "ஆஃப் பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னான்.

முட்டத்தில் பாறைமேல் அலை வெடித்தது. வடிவம்மாள் பதினொரு மணிப் பையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டே மாற்றினார். நீர் இறங்க இருபது நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். வீட்டில் அந்த இருபது நிமிஷமும் சுவரில் பல்லி போவதைப் பார்ப்பார். கன்னியாகுமரியில் மழை. சூரிய உதயம் தெரியவில்லை. "இருபத்திரண்டு வருஷத்துல பாதி நாள் இப்படித்தான். எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க" என்றார் வன்னியராஜ். வடிவம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றாம் நாள் சொன்ன நேரத்துக்கு வேன் வள்ளியூரில் முத்தாரம்மாள் வீட்டு வாசலில் நின்றது. முத்தாரம்மாள் பதறிக்கொண்டு வெளியே வந்தார். "உள்ள வாங்க, உள்ள வாங்க. சொல்லாம வந்திருக்கீங்க!"

"பை மாத்துற நேரம் மதினி. முடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லி வடிவம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் முத்தாரம்மாள் தன் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. தெருவில் போனவர்களெல்லாம் நின்று விசாரித்தார்கள். வன்னியராஜ் ஒவ்வொருவருக்கும், "என் வீட்டுக்காரி உள்ள டயாலிசிஸ் செய்யுதா. குற்றாலம் போறோம்" என்று பதில் சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். கதவு திறந்ததும் முத்தாரம்மாள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சுவரையும் கொக்கியையும் மடித்து வைத்த போர்வையையும் பார்த்தார். "மோர் குடிக்கியா?" என்றார்.

"அரை டம்ளர் போதும்" என்றார் வடிவம்மாள். வாசலில் நின்றே குடித்துவிட்டு வேன் ஏறினார். கோபம் முழுதும் போய்விட்டதா என்றால் இல்லை. போக வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

குற்றாலத்தில் இரண்டு நாள் இருந்தார்கள். அருவிப் பக்கம் போகாமல், மரத்தடியில், வயிற்றை மழைக்கோட்டால் மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் சாரலுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் வடிவம்மாள். வன்னியராஜ் குடையைப் பிடித்தபோது தள்ளிவிட்டார்.

எட்டாம் நாள் திரும்பும்போதுதான் எல்லாரும் பயந்தது நடந்தது. செங்கோட்டை தாண்டி மலை ஏறியதும், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். மழை விடாமல் கொட்டியது. போனில் சிக்னல் இல்லை. மணி மூன்றே முக்கால்.

வன்னியராஜ் எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பினார். "கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன? ஆரியங்காவு போய்ச் சேர்ந்துட்டா..."

"நாலு மணின்னா நாலு மணி" என்றார் வடிவம்மாள். காலால் குழாயை மிதித்துக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

பழைய நீர் இறங்கி முடிந்து, புதுப் பை பாதி உள்ளே போயிருந்தபோது, மரத்தை வெட்டி வழி விட்டுவிட்டார்கள். முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. வேனுக்கு முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, பிறகு மலையே ஊளையிடுவதுபோல வரிசை முழுவதும்.

வன்னியராஜ் மழையில் இறங்கி ஓடினார். லாரி டிரைவர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "எந்தா சேட்டா, வண்டி கேடாயோ?" என்று கத்தினார்.

"கேடு ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரிக்கு உள்ள டயாலிசிஸ் நடக்குது. பத்து நிமிஷம் ஆகும். அது வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்."

டிரைவர் வேனைப் பார்த்தார். நனைந்து நிற்கும் மனிதரைப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். பின்னால் நடந்துபோய் ஒவ்வொரு வண்டியாகத் தட்டிச் சொன்னார். ஹாரன்கள் ஒன்றொன்றாக அடங்கின. கடைசியில் நின்ற ஒரு கார் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

வன்னியராஜ் ஓடிவந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, சைகையில் கேட்டார்: சரியா?

முகக்கவசத்துக்கு மேலே வடிவம்மாளின் கண்கள் மட்டும் தெரிந்தன. கீழே கட்டிலடியில், இறக்கிய பை நிறைந்து கிடந்தது. அதன் நீர் தெளிவாக இருந்தது. அடியில் கிடந்த பெட்டியில் அச்சடித்த எழுத்து அதன் வழியாகத் தெரிந்தது. அவர் அதைச் சுட்டிக் காட்டினார்.

"அந்தக் காரு?" என்று வன்னியராஜ் கத்தினார்.

"அடிக்கட்டும்" என்றார் வடிவம்மாள், மேலே பையில் மீதி இருந்த நீரைப் பார்த்தபடி.